எல் ஃபாரோ மூழ்கிய இரவு: கேப்டன் கையில் இருந்த வானிலைத் தகவலின் வயது

2015 அக்டோபர் 1, அதிகாலை 4:45. பஹாமாஸின் குரூக்கட் தீவுக்கு வடகிழக்கே, எல் ஃபாரோ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலில் கேப்டன் தன் கணினியில் ஒரு வானிலைக் கோப்பைப் பதிவிறக்குகிறார். முந்தின இரவு 11 மணி வாக்கிலேயே வந்து காத்துக் கிடந்த கோப்பு அது. அதில் வரைந்திருந்த புயலின் இடமோ அதைவிடவும் பழையது. ஓரிரு நிமிடம் கழித்து, பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேலறையில், இருக்கும் சாட்-சி என்ற செயற்கைக்கோள் கருவிக்குத் தேசியச் சூறாவளி மையத்தின் புதிய அறிவிப்பு வந்து சேர்கிறது. ஒரே கப்பலில், ஒரே நேரத்தில், ஹோவாகின் சூறாவளிக்கு இரண்டு இடங்கள். கேப்டன் நம்பியிருந்தது பழைய இடத்தை. மூன்று மணி நேரத்துக்குள் கப்பல் கடலடியில் இருந்தது. கப்பலில் இருந்த 33 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்த இரவை நிமிடக் கணக்கில் சொல்ல முடிவதற்குக் காரணம், கப்பலின் பயணப் பதிவுப் பெட்டி. சுமார் 15,000 அடி ஆழத்திலிருந்து 2016 ஆகஸ்டில் அதை மீட்டார்கள். பிரிட்ஜில் நடந்த பேச்சு 26 மணி நேரத்துக்கு அதில் பதிவாகியிருந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017 டிசம்பரில் தன் அறிக்கையை முடித்து, 53 பரிந்துரைகளை முன்வைத்தது. கேப்டன் பொறுப்பு என்றால் என்ன என்று படிக்க விரும்பும் எவருக்கும் இதைவிட விரிவான பாடம் கிடைப்பது அரிது.

கப்பலும் பாதையும்

எல் ஃபாரோ 1975இல் பென்சில்வேனியாவில் கட்டப்பட்டது. நீளம் 790 அடி. நீராவி டர்பைன், ஒற்றை ப்ரொப்பெல்லர். 1993இல் நடுவில் வெட்டி நீளம் கூட்டினார்கள். முதலில் வண்டிகளை ஓட்டி ஏற்றும் கப்பலாக இருந்ததைப் பிற்பாடு மேல்தளத்தில் கன்டெய்னர்களும் அடுக்கும்படி மாற்றினார்கள். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கும் போர்ட்டோ ரீகோவின் சான் ஹுவானுக்கும் இடையே வாடிக்கையாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பயணத்தில் 391 கன்டெய்னர்களும், டிரெய்லர், கார் என்று சுமார் 294 வண்டிகளும் ஏற்றியிருந்தார்கள்.

செப்டம்பர் 29 இரவு 8 மணி கடந்து புறப்பட்டபோது ஹோவாகின் இன்னும் சூறாவளியாகவில்லை. மறுநாள் காலைதான் ஆனது. பாதை இரண்டு இருந்தன. ஒன்று, பஹாமாஸுக்குக் கிழக்கே திறந்த அட்லாண்டிக்கில் நேராகத் தென்கிழக்கே போவது. மற்றொன்று, பஹாமாஸின் தீவுகளும் திட்டுகளும் அரணாக நிற்க, கியூபாவின் வடகரையை ஒட்டிய பழைய பஹாமா கால்வாய் வழி. இரண்டாவது சுமார் 160 கடல் மைல் கூடுதல். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் எட்டு மணி நேரம். அதே ஆண்டு ஆகஸ்டில் எரிகா புயல் வந்தபோது இதே கேப்டன் அந்தக் கால்வாய் வழியாகத்தான் போனார். வழி தெரியாமலோ புயலைக் கண்டு ஒதுங்கத் தெரியாமலோ அவர் இருக்கவில்லை. கேள்வி, இந்த முறை ஏன் நேர்வழி போதும் என்று தோன்றியது என்பதுதான்.

அதற்குப் பதில் பெருமளவு அவர் பார்த்துக்கொண்டிருந்த திரையில் இருக்கிறது. கப்பலுக்கு ஒரு தனியார் சேவை, வண்ணப் படமாக வானிலைக் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்தது. அது கேப்டனின் மின்னஞ்சலுக்கு வரும். அவர் அங்கிருந்து பிரிட்ஜ் கணினிக்கு அனுப்ப வேண்டும். படம் அழகாக இருக்கும்; கப்பலின் பாதையையும் புயலின் பாதையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு நகர்த்திப் பார்க்கலாம். ஆனால் சூறாவளி மையம் அறிவித்ததைச் சேர்த்துத் தயாரித்து அனுப்புவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். செப்டம்பர் 30 அதிகாலை வந்த கோப்பில், தயாரிப்புப் பிழையால் முந்தைய கோப்பின் புயல் பாதையே மறுபடி இருந்தது. அந்தத் தகவலின் வயது 21 மணி நேரம். பிரிட்ஜில் இருந்த சாட்-சியோ மையத்தின் அறிவிப்பை வெறும் எழுத்தாக, ஆனால் உடனுக்குடன் கொடுத்தது. அதை எடுத்து வரைபடத்தில் பென்சிலால் குறித்தால்தான் புரியும்.

தவறு இங்கேதான் நுழைகிறது. படமாக வருவதைக் கண் நம்புகிறது. எண்ணாக வருவதைக் குறித்துப் பார்க்கச் சோம்பல் வருகிறது. எந்தக் கப்பலிலும் இது நடக்கும்.

ஹோவாகினோ கணித்தபடி நடக்கவில்லை. வடக்கே திரும்பும் என்று எதிர்பார்த்த புயல் தென்மேற்காகவே இறங்கிக்கொண்டிருந்தது. மையத்தின் கணிப்பிலும் வழக்கத்தைவிடப் பிழை அதிகம். அதனால் ஒவ்வொரு புதிய அறிவிப்பிலும் புயல் கப்பலின் பாதையை நெருங்கியது. பழைய கோப்பை வைத்துப் பார்த்தவருக்கு அது எப்போதும் சற்றுத் தள்ளியே தெரிந்தது. செப்டம்பர் 30 அன்று கேப்டன் பாதையைக் கொஞ்சம் தெற்காகத் திருத்தினார். புயலின் கண்ணிலிருந்து சுமார் 65 கடல் மைல் தெற்கே தாண்டிவிடலாம் என்று கணக்கிட்டார்.

அந்த 65 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கடலோடிகளுக்குச் சொல்லித்தரும் 1-2-3 விதி ஒன்று உண்டு. புயல் நாளை எங்கே இருக்கும் என்ற கணிப்புக்கு 100 கடல் மைல் பிழை வை. நாளை மறுநாளுக்கு 200. மூன்றாம் நாளுக்கு 300. அதோடு, 34 நாட் காற்று கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் வீசுகிறதோ அதையும் கூட்டு. அந்த வட்டத்துக்குள் கப்பல் போகக்கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நாள் கணிப்பின் பிழை இடமே 100 கடல் மைல். 65 என்பது அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. காற்றின் வீச்சைக் கூட்டவே இல்லை. விதியைப் பின்பற்றியிருந்தால் பென்சிலும் காம்பஸும் போதும், நேர்வழி மூடியிருக்கிறது என்று அன்று காலையே தெரிந்திருக்கும்.

இரண்டு தொலைபேசி அழைப்புகள்

கேப்டன் இரவு 8 மணி வாக்கில் பிரிட்ஜை விட்டு இறங்கினார். மறுபடி ஏறியது அதிகாலை 4:09க்கு. இடைப்பட்ட எட்டு மணி நேரத்தில் கப்பலை நடத்தியவர்கள் வாட்ச் அதிகாரிகள், அதாவது முறைவைத்துப் பொறுப்பேற்கும் துணை அதிகாரிகள்: 8 முதல் 12 வரை தேர்ட் மேட், 12 முதல் 4 வரை செகண்ட் மேட், 4 முதல் சீஃப் மேட்.

இரவு 11:05க்குத் தேர்ட் மேட் கேப்டனின் அறைக்குப் போன் செய்தார். புதிய அறிவிப்பைக் குறித்துப் பார்த்திருந்தார்: காற்று மணிக்கு 100 மைல், இப்படியே போனால் அதிகாலை 4 மணிக்குக் கப்பல் கண்ணிலிருந்து 22 மைலில் இருக்கும், தெற்கே ஒதுங்கலாம் என்றும் சொன்னார். பாதை மாறவில்லை. 1:20க்குச் செகண்ட் மேட் அழைத்தார். அவர் கையில் மாற்று வழியே தயாராக இருந்தது: குரூக்கட் தீவு வழியாகத் தெற்கே இறங்கிப் பழைய பஹாமா கால்வாயைப் பிடிப்பது. 2 மணி வாக்கில் வரும் திருப்பம்தான் அதற்குக் கடைசி வாய்ப்பு. திட்டமிட்டபடி 116 பாகையிலேயே, அதாவது தென்கிழக்கு வாக்கிலேயே, போகச் சொல்லி உத்தரவு வந்தது. கப்பல் திரும்பிப் புயலை நோக்கிப் போனது.

இருவரும் சொன்னது சரி. இருவரும் மரியாதையோடு சொன்னார்கள்; கேப்டனை மேலே வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. கேப்டன் தூங்கியதில் தவறே இல்லை; ஓய்வெடுக்காத கேப்டன் ஆபத்தானவர், அதற்குச் சட்டமே இருக்கிறது. ஆனால் பொறுப்பில் இருக்கும் அதிகாரி இரவில் இரண்டு முறை கூப்பிட்டு, வேறு பாதையைச் சொன்ன பிறகு, அறையில் படுத்தபடி பதில் சொல்வது கேப்டன் வேலை அல்ல. மேலே ஏறி, வரைபடத்தில் குறித்திருப்பதைத் தன் கண்ணால் பார்ப்பதுதான் வேலை. எட்டிப் பார்த்திருந்தால் புயலின் இரண்டு இடங்களில் எது உண்மை என்று 11:05க்கே தெரிந்திருக்கும்.

இன்னொரு கருவியும் கைகொடுக்கவில்லை. காற்றுமானி சரியாக வேலை செய்யவில்லை. அதனால் காற்றின் வேகமும் திசையும் துல்லியமாகத் தெரியவில்லை. ஆனாலும் கடல் பார்த்த கண்ணுக்கு வழி இருக்கிறது. வடகோளத்தில் காற்றை எதிர்கொண்டு நின்றால் புயலின் மையம் வலக்கைப் பக்கம் இருக்கும், சற்றுப் பின்தள்ளி. வங்கக் கடலிலும் இதே விதிதான். அன்று இரவு காற்று இடப்பக்கத்திலிருந்து, அதாவது வடகிழக்கிலிருந்து அடித்தது. அதை நோக்கி நின்று வலக்கையை நீட்டினால் அது காட்டுவது தென்கிழக்கு. கப்பல் போய்க்கொண்டிருந்த திசையும் ஏறக்குறைய அதுதான்.

யாரிடம் அனுமதி?

செப்டம்பர் 30 அன்று கேப்டன் அலுவலகத்துக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல் கவனிக்கத்தக்கது. சான் ஹுவானிலிருந்து திரும்பி வரும்போது பழைய பஹாமா கால்வாய் வழியாக வரலாமா என்று கேட்டிருந்தார். அனுமதி வந்தது. சர்வதேச கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாயம், விதி 34-1 தெளிவாகச் சொல்கிறது: உயிர்ப் பாதுகாப்புக்காகக் கேப்டன் தன் தொழில் அறிவால் எடுக்கும் முடிவை உரிமையாளரோ, வாடகைக்கு எடுத்தவரோ, நிறுவனமோ தடுக்கவோ குறுக்கவோ கூடாது. அப்படியிருக்க அவர் கேட்டார். கேட்கும் பழக்கம் ஒருவரிடம் எப்படி வருகிறது என்பதைக் கப்பல் நிறுவனங்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். புயல் நேரத்தில் கப்பலைக் கண்காணிக்க நிறுவனத்தில் யாரும் பொறுப்பில் இல்லை என்பதையும், பாதுகாப்பு மேலாண்மை பலவீனமாக இருந்ததையும் அறிக்கை குறைகளாகவே எழுதியது.

தண்ணீர் எப்படி நுழைந்தது

புயலுக்குள் போனதால் மட்டும் ஒரு பெரிய கப்பல் மூழ்கிவிடாது. எல் ஃபாரோவை மூழ்கடித்தவை சின்னச் சின்ன வழிகள்.

காற்று இடப்பக்கத்தில் இடைவிடாமல் அடித்ததால் கப்பல் வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. இரண்டாம் தளத்தின் பக்கங்களில் பெரிய திறப்புகள் உண்டு. அலை ஏறி வந்து அங்கே புரளும். அந்தத் தளத்தில் வலப்பக்கம், மூன்றாம் ஹோல்டுக்கு (கீழே சரக்கு வைக்கும் அறைக்கு) இறங்கும் ஸ்கட்டில் ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் இறங்கும் அளவு வட்டமான நீர்புகா மூடி. அது திறந்து கிடந்தது. மூடியிருக்கிறதா என்று பிரிட்ஜில் காட்டும் விளக்கு எதுவும் இல்லை. ஆள் போய்ப் பார்த்தால்தான் உண்டு. 5:43க்கு மூன்றாம் ஹோல்டில் தண்ணீர் என்று கேப்டனுக்குச் சொன்னார்கள். சீஃப் மேட் இறங்கிப் போனார். பிற்பாடு ஸ்கட்டில் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் ஹோல்டில் நீர் நின்றுவிட்டது.

ஹோல்டு அகலமானது. அகலமான இடத்தில் அலையும் நீருக்கு ஒரு குணம் உண்டு: கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே எல்லாம் ஓடிச் சேர்ந்து, சாய்வைக் கூட்டும். முழங்கால் அளவு நீரே போதும். அதற்குள் ஹோல்டில் கட்டறுந்த கார்களும் மிதந்து உருண்டன. வலப்பக்கம் ஓடிய அவசரத் தீயணைப்பு பம்பின் கடல்நீர்க் குழாயை அவை இடித்துச் சேதப்படுத்தியிருக்கலாம் என்பது ஆய்வின் முடிவு. அந்தக் குழாய் உடைந்தால் கடலே நேராக ஹோல்டுக்குள் வரும். ஸ்கட்டிலை மூடியும் பயனில்லை. சாய்வு கூடியதும் மூன்றாவது வழி திறந்தது: ஹோல்டுகளின் காற்றோட்டத் திறப்புகள். கார் ஏற்றிய ஹோல்டுக்குக் காற்று வேண்டும் என்பதால் அவை மூடாமல் இருந்தன. கடல்மட்டம் அந்தத் திறப்பைத் தொட்டதும் நீர் உள்ளே கொட்டியது.

இப்போது கேப்டன் ஒரு முடிவெடுத்தார். 5:54க்குக் கப்பலை இடப்பக்கம் திருப்பி, காற்றை வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். திறந்த ஸ்கட்டில் இருக்கும் பக்கம் உயரும், மூட முடியும் என்பது அவர் கணக்கு. ஸ்கட்டிலை நினைத்துப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் கப்பல் இப்போது இடப்பக்கம் சாய்ந்தது. உள்ளே நின்ற நீரும் அந்தப் பக்கமே ஓடியது. 15 பாகை வரை சாய்வு நிலைத்துவிட்டது. அந்தச் சாய்வு இயந்திர அறையில் என்ன செய்யும் என்று பிரிட்ஜில் யாருக்கும் தெரியவில்லை.

டர்பைனின் மசகு எண்ணெய் ஒரு தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பம்ப் உறிஞ்சி அனுப்பும். உறிஞ்சு குழாயின் வாய் தொட்டியின் நடுவில் இல்லை. நடுக்கோட்டிலிருந்து 22 அங்குலம் வலப்பக்கமாக இருந்தது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் எண்ணெய் இடப்பக்கம் திரளும். குழாயின் வாய் காற்றைக் குடிக்கும். போதாக்குறைக்கு, எண்ணெய் மட்டம் 27 அங்குலம் இருக்க வேண்டும் என்று இயக்கக் கையேடு சொன்னது. புறப்படும்போது இருந்தது சுமார் 24.6. வலப்பக்கச் சாய்வில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த பம்ப், இடப்பக்கச் சாய்வில் காய்ந்தது. எண்ணெய் அழுத்தம் விழுந்தால் டர்பைன் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். 6:13 வாக்கில் இயக்கம் நின்றது. மீண்டும் ஓட வேண்டுமென்றால் சாய்வை நிமிர்த்த வேண்டும். சாய்வை நிமிர்த்த வேண்டுமென்றால் சுக்கானுக்கு இயக்கம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க வழியே இல்லை. சூறாவளியின் கண் சுவருக்கருகே, எதிர்க்காற்றுக்குத் தலை கொடுக்க முடியாமல் கப்பல் பக்கவாட்டில் கிடந்தது.

ஒரு கேப்டன் இயந்திர அறையைப் பற்றி எவ்வளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்? குழாய் குழாயாக அல்ல. ஆனால் எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்ந்தால் எந்த இயந்திரம் நிற்கும் என்பதைச் சீஃப் இன்ஜினியரிடம் கேட்டு எழுதி, பிரிட்ஜில் ஒட்டிவைப்பது அவசியம். அது இருந்திருந்தால், கப்பலை இடப்பக்கம் சாய்க்கும் முடிவுக்கு முன் ஒரு போன் இயந்திர அறைக்குப் போயிருக்கும்.

கடைசி ஒன்றே முக்கால் மணி நேரம்

தண்ணீர் தெரிந்தது 5:43. இயந்திரம் நின்றது 6:13. கரைக்கு முதல் அழைப்பு 6:59. அதுவும் கடலோரக் காவல்படைக்கு அல்ல. நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரிக்கு. அவர் எடுக்காததால் கேப்டன் செய்தி விட்டுவிட்டு, நிறுவனத்தின் அழைப்பு மையத்தை அழைத்தார். அங்கே இருந்த ஊழியர் வழக்கம்போலப் பெயர், எண், எழுத்துக்கூட்டல் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேசியது 7:06 வாக்கில். ஆபத்துச் சமிக்ஞை வெளியே போனது 7:13க்கு. ஒன்றரை மணி நேரம், கப்பலுக்கு ஆபத்து என்று வெளியே ஒரு மீட்பாளருக்கும் தெரியாது.

ஆபத்துப் பொத்தானை அழுத்துவதை எல்லாம் முடிந்துபோனதன் அறிவிப்பு என்று நினைக்கும் கேப்டன்கள் இருக்கிறார்கள். அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆபத்து தீர்ந்துவிட்டால் சமிக்ஞையை விலக்கிக்கொள்ளலாம். அதற்கென்றே நடைமுறை இருக்கிறது. தாமதமாக அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. உயிரோடு இருந்தால்தானே விலக்குவதற்கு.

7:27க்கு அபாய மணி. 7:29க்குக் கப்பலைக் கைவிட உத்தரவு. 7:39க்குப் பதிவு நின்றது. மூழ்கும்போது மிதந்த அவசரக் கருவியின் சமிக்ஞை கிடைத்தது. ஆனால் அதில் ஜிபிஎஸ் இல்லாததால் இடம் தெரியவில்லை.

உயிர்ப்படகுகள் இரண்டு, மேலே மூடியில்லாத பழைய வகை. 1986 ஜூலை 1க்குப் பின் கட்டப்பட்ட கப்பல்களுக்கு மூடிய படகு கட்டாயமானது. 1975இன் கப்பலுக்கு அந்த விதி பொருந்தவில்லை. பழையதையே வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. படகு இறக்கும் கருவி குறிப்பிட்ட சாய்வு வரை வேலை செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் மூன்றாம் வகைச் சூறாவளியில், திறந்த படகில் ஆளேற்றி இறக்குவது காகிதத்தில்தான் சாத்தியம். வட்டத் தெப்பங்கள் கொஞ்சம் மேல். அதற்கும் ஆட்கள் முன்னதாகவே கூடி, மிதவை உடை அணிந்து, தயாராக நிற்க வேண்டும். 5:43க்கும் 7:27க்கும் இடையே இருந்த ஒரு மணி 44 நிமிடத்தில் அதைச் செய்திருக்கலாம். ஆட்களைக் கூட்டத் தாமதித்ததை விபத்தின் முதன்மைக் காரணங்களில் ஒன்றாகவே வாரியம் எழுதியது. மற்ற இரண்டு: ஹோவாகினை விட்டு விலகப் போதிய நடவடிக்கை எடுக்காதது, கப்பலில் இருந்த புதிய வானிலைத் தகவலைப் பயன்படுத்தாதது.

இரவு உத்தரவில் எழுத வேண்டியது

கேப்டன் படுக்கப் போகுமுன் இரவு உத்தரவு ஏட்டில் எழுதுவது வழக்கம். பல கப்பல்களில் அது "சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. எல் ஃபாரோவில் கூப்பிட்டார்கள், அது போதவில்லை. புயல் பக்கத்தில் இருக்கும் இரவில் எண் எழுத வேண்டும். சூறாவளி மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையும், புயல் கரையை நெருங்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையும் அறிவிப்பு விடும். ஒவ்வொன்றும் வந்த பத்து நிமிடத்துக்குள் வாட்ச் அதிகாரி அதை வரைபடத்தில் குறித்து, அறிவிப்பின் நேரத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். கண்ணுக்கும் கப்பலுக்கும் உள்ள மிகக் குறைந்த தூரம் குறித்த அளவுக்குக் கீழே போனால், கேப்டன் மேலே வரும்வரை போனை வைக்கக்கூடாது. எந்தத் திருப்பத்தைத் தாண்டினால் ஒதுங்கும் வழி அடைபடுமோ, அந்தத் திருப்பத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கேப்டன் பிரிட்ஜில் நிற்க வேண்டும், கூப்பிட்டாலும், கூப்பிடாவிட்டாலும்.

அந்த ஏட்டில் இன்னொரு வரியும் இருந்தால் நல்லது: பொழுது சாயுமுன் இரண்டாம் தளத்தின் ஸ்கட்டில்கள் ஒவ்வொன்றையும் போசன் (தளப் பணியாளர்களின் தலைவர்) கையால் திருகிப் பார்த்து, பார்த்த நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.